வெளிநாட்டில் மாரடைப்பு வந்தால்: அருகிலுள்ள கிளினிக்குக்குப் போவதா, ஆம்புலன்ஸை அழைப்பதா?

கேள்வி: மூத்தமகள்

அனைவருக்கும் வணக்கம். என் அம்மாவுக்கு வயது 67. 20 ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உள்ளது. 3 ஆண்டுகளுக்கு முன்பு மாரடைப்பு வந்து ஒரு ஸ்டென்ட் பொருத்தினார்கள். அடுத்த மாதம் வெளிநாட்டில் வேலை பார்க்கும் என் தம்பியின் வீட்டுக்குச் சென்று 6 மாதம் தங்கப் போகிறார். தம்பி இருப்பது சிறிய ஊர். நடந்து போகும் தூரத்தில் பொது மருத்துவர்கள் இருவர் நடத்தும் ஒரு கிளினிக் இருக்கிறது. அடைபட்ட இதய ரத்தக்குழாயைப் பலூனால் விரித்துத் திறக்கும் ஆஞ்சியோபிளாஸ்டி செய்யும் வசதியுள்ள மருத்துவமனைக்குப் போக ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

முதல் முறை அம்மாவுக்கு நெஞ்சுவலியே வரவில்லை. தாடையில் ஒரு வலியும், உடல் முழுக்க வியர்வையும், எழுந்து நிற்க முடியாத அசதியும்தான் இருந்தன. சர்க்கரை இறங்கிவிட்டது என்று நினைத்து நாங்கள் 2 மணி நேரத்தை வீணாக்கினோம். அந்த 2 மணி நேரம் இன்றும் என் மனத்தை அரிக்கிறது. மொழி தெரியாத ஊரில் அதே தவறு மறுபடியும் நடந்துவிடக் கூடாது.

நான் கேட்க விரும்புவது இதுதான். அப்படி ஒரு நிலை வந்தால் தம்பி அம்மாவை முதலில் அந்தக் கிளினிக்குக்கு அழைத்துச் செல்ல வேண்டுமா, அல்லது காரில் ஏற்றி நேரே பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டுமா? ஒரு சிறிய கிளினிக்கில் மாரடைப்பை உறுதிசெய்யவும் சிகிச்சையைத் தொடங்கவும் முடியுமா? நாட்டுக்கு நாடு சிகிச்சை மாறுமா?


பதில் 1: அவசரப்பிரிவு மருத்துவர்

சகோதரி, நான் 11 ஆண்டுகளாக வெளிநாட்டு மருத்துவமனைகளின் அவசரப்பிரிவில் பணியாற்றுகிறேன். உங்கள் கேள்விக்கு நேரான பதில், நீங்கள் சொன்ன இரண்டு வழிகளுமே முதல் வழி அல்ல என்பதுதான். முதலில் அந்த நாட்டின் அவசர எண்ணை அழைத்து, "67 வயது, ஏற்கெனவே ஸ்டென்ட் உண்டு, மாரடைப்பு என்று சந்தேகிக்கிறோம்" என்று சொல்ல வேண்டும். மாரடைப்பின் தொடக்க நேரத்தில் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் இதயத் துடிப்பு திடீரெனத் தாறுமாறாகிவிடும் நிலை. அதை மின்னதிர்ச்சி கொடுத்துத்தான் சரிசெய்ய முடியும். அந்தக் கருவி ஆம்புலன்ஸில் இருக்கிறது. தம்பியின் காரில் இல்லை. ஒன்றரை மணி நேரப் பயணத்தில் அம்மா பின்னிருக்கையில் மயங்கினால், வண்டி ஓட்டிக்கொண்டிருக்கும் தம்பியால் எதுவும் செய்ய முடியாது.

சிகிச்சை நாட்டுக்கு நாடு மாறுமா என்று கேட்டிருக்கிறீர்கள். அடிப்படையில் மாறாது. மாரடைப்பு என்றால் என்ன என்பதற்கே உலகம் முழுவதும் ஒரே வரையறையைத்தான் பின்பற்றுகிறோம். ஐரோப்பிய, அமெரிக்க இதயவியல் அமைப்புகளும் உலக இதயக் கூட்டமைப்பும் சேர்ந்து வெளியிட்ட அதன் நான்காம் பதிப்பு 2018இல் வந்தது. ரத்தத்தில் ட்ரோபோனின் என்ற புரதம் ஓர் எல்லைக்கு மேல் ஏறியோ இறங்கியோ காணப்பட வேண்டும். அதோடு இதயத் தசைக்கு ரத்தம் போதவில்லை என்பதற்கான அறிகுறியோ இ.சி.ஜி. மாற்றமோ இருக்க வேண்டும். சிகிச்சையும் அப்படித்தான் பல நாடுகளின் உழைப்பில் உருவானது. பலூன் வைத்து இதய ரத்தக்குழாயை விரிக்கும் முறையை 1977 செப்டம்பரில் ஜூரிக் நகரில் ஆண்ட்ரியாஸ் க்ரூன்ட்ஸிக் முதன்முதலில் ஒரு நோயாளிக்குச் செய்தார். ஆஸ்பிரினின் பலனை ஐயமின்றி நிறுவிய ஆய்வு 1988இல் வெளிவந்தது. 16 நாடுகளில் 17,187 நோயாளிகள் அதில் பங்கெடுத்தார்கள். ஆஸ்பிரின் மட்டும் மரணத்தை 23 சதவீதம் குறைத்தது. ஸ்ட்ரெப்டோகைனேஸ் என்னும், ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தும் சேர்ந்தபோது 42 சதவீதம் குறைந்தது. ஆகவே அம்மாவுக்குக் கிடைக்கப்போகும் மருந்துகளின் பட்டியலைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். எவ்வளவு சீக்கிரம் கிடைக்கும் என்பதுதான் இடத்துக்கு இடம் மாறுகிறது.

இப்போது கிளினிக்கைப் பற்றிச் சொல்கிறேன். இ.சி.ஜி. கருவி இருக்கும் எந்தக் கிளினிக்கும் பெரிய உதவி செய்ய முடியும். நோயாளி உள்ளே வந்த 10 நிமிடத்துக்குள் இ.சி.ஜி. எடுத்துப் பார்த்துவிட வேண்டும் என்பது விதி. அதில் எஸ்.டி. என்று நாங்கள் சொல்லும் பகுதி மேலெழுந்திருந்தால், பெரும்பாலும் ரத்தக்குழாய் முழுவதுமாக அடைபட்டிருக்கிறது என்று பொருள். அந்நிலையில் ட்ரோபோனின் முடிவுக்காகக் காத்திருப்பதே தவறு, ஏனெனில் அது ரத்தத்தில் ஏறுவதற்கு நேரம் பிடிக்கும், இ.சி.ஜி.யை வைத்தே சிகிச்சையைத் தொடங்க வேண்டும். 120 நிமிடத்துக்குள் ஆஞ்சியோபிளாஸ்டி செய்து குழாயைத் திறக்க முடியுமானால் நோயாளியை அங்கே அனுப்ப வேண்டும். முடியாது என்றால், இருக்கும் இடத்திலேயே 10 நிமிடத்துக்குள் கட்டியைக் கரைக்கும் ஊசியைப் போட்டுவிட்டு, பிறகு அனுப்ப வேண்டும். உங்கள் தம்பியின் ஊர் இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள எல்லைக்கோட்டில் இருக்கிறது. பயணமே 90 நிமிடத்துக்கு மேல் என்றால், வண்டி வந்து சேரும் நேரத்தையும் ஆஞ்சியோபிளாஸ்டி செய்யும் அறையான கேத்லேப் தயாராகும் நேரத்தையும் கூட்டும்போது 120ஐத் தாண்டிவிடும். எனவே அம்மாவுக்கு ஊசி போடும் முடிவை எடுக்க வாய்ப்பு அதிகம். அது இரண்டாந்தரச் சிகிச்சை என்று குடும்பத்தார் நினைத்துத் தயங்குவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். தயவுசெய்து தயங்காதீர்கள். முதல் 2 அல்லது 3 மணி நேரத்துக்குள் போடப்படும் ஊசி இதயத் தசையின் பெரும்பகுதியைக் காப்பாற்றிவிடும்.

ஊசி போட்ட பிறகும் பெரிய மருத்துவமனைக்குப் போயே ஆக வேண்டும். 60 முதல் 90 நிமிடத்தில் மறுபடி இ.சி.ஜி. எடுத்துப் பார்ப்பார்கள். எழுந்த எஸ்.டி. பகுதி பாதிக்கு மேல் இறங்கவில்லை என்றால் உடனே ஆஞ்சியோபிளாஸ்டி; இறங்கியிருந்தால் 2 முதல் 24 மணி நேரத்துக்குள் ஆஞ்சியோகிராம்.


பதில் 2: கரையோரத்தான்

மருத்துவர் சொன்னதை ஒட்டி என் அனுபவத்தையும் எழுதுகிறேன். 5 ஆண்டுகளுக்கு முன்பு என் அப்பா என்னோடு வெளிநாட்டில் இருந்தபோது அதிகாலையில் மேல்வயிற்றில் எரிச்சல் என்றார். அருகிலிருந்த ஒரு கிளினிக்குக்கு அழைத்துப் போனேன். வயிற்றைத் தொட்டுப் பார்த்து, வாயுக் கோளாறு என்று சொல்லி, அமிலத்தைக் குறைக்கும் மருந்து கொடுத்து அனுப்பிவிட்டார்கள். இ.சி.ஜி. எடுக்கவில்லை, எடுக்கச் சொல்லிக் கேட்க வேண்டும் என்று எனக்கும் தெரியவில்லை. மாலையில் மூச்சுத் திணறல் வந்த பிறகுதான் ஆம்புலன்ஸை அழைத்தேன். இதயத்தின் அடிப்பகுதியில் மாரடைப்பு என்றார்கள். அப்பா பிழைத்தார், ஆனால் இதயத்தின் வலு குறைந்துபோயிற்று.

பின்னர் ஓர் இதயநோய் மருத்துவர் விளக்கியபோதுதான் புரிந்தது: அடிப்பகுதி மாரடைப்பு மேல்வயிற்று வலியாகவும் குமட்டலாகவும் வருவது வழக்கமாம். சர்க்கரை நோயாளிகளிடமும் முதியவர்களிடமும் பெண்களிடமும் நெஞ்சுவலி இல்லாமலே வருவதும் உண்டாம். அதனால் உங்கள் தம்பி ஒரே ஒரு வாக்கியத்தை அந்நாட்டு மொழியில் மனப்பாடம் செய்து வைத்துக்கொள்ளட்டும்: "இவருக்கு ஏற்கெனவே மாரடைப்பு வந்திருக்கிறது, உடனே இ.சி.ஜி. எடுங்கள்." அம்மாவும் அதைச் சொல்லப் பழக வேண்டும், ஏனென்றால் பகலில் தம்பி வேலைக்குப் போயிருப்பார்.

இன்னொன்று. முதல் இ.சி.ஜி. சரியாக இருக்கிறது என்று சொன்னாலும் வீட்டுக்குத் திரும்பிவிடாதீர்கள். அப்பாவோடு அதே வார்டில் இருந்த ஒருவருக்கு முதல் இ.சி.ஜி.யில் எதுவுமே தெரியவில்லை. அரை மணி நேரம் கழித்து எடுத்ததில்தான் தெரிந்தது.


பதில் 3: மலைச்சாரல் (ஆம்புலன்ஸ் பணியாளர்)

நான் ஐரோப்பாவில் ஆம்புலன்ஸ் சேவையில் இருக்கிறேன். நாங்கள் வீட்டுக்குள் வந்ததும் செய்யும் முதல் காரியம், படுக்கையிலோ நாற்காலியிலோ வைத்தே 12 கோணங்களில் இ.சி.ஜி. எடுத்து மருத்துவமனைக்கு அனுப்புவதுதான். அங்கே இதயநோய் மருத்துவர் அதைப் பார்த்துவிட்டு, எங்கே கொண்டுவர வேண்டும் என்று சொல்வார். இதனால் நோயாளி அவசரப்பிரிவில் காத்திருக்காமல் நேரே கேத்லேப் மேசைக்குப் போய்விடுகிறார். சொந்தக் காரில் வருபவருக்கு இந்தக் குறுக்குவழி கிடைப்பதில்லை. கேத்லேப் இல்லாத மருத்துவமனைக்கு அவர் தவறுதலாகப் போய்விட்டால், அங்கிருந்து இன்னொரு வண்டி ஏற்பாடு செய்வதற்குள் பொன்னான நேரம் போய்விடும்.

ஒவ்வொரு நாட்டிலும் அமைப்பு வேறு. பிரான்சில் 15 என்ற எண்ணை அழைத்தால் பேசுபவர்களில் மருத்துவரும் இருப்பார். தேவைப்பட்டால் மருத்துவரோடு வண்டியே வரும். ஜெர்மனியில் 112ஐ அழைத்தால் கடுமையான நெஞ்சுவலிக்கு அவசர மருத்துவர் தனி வாகனத்தில் வந்து சேர்வார். இந்த இரு நாடுகளிலும் கட்டி கரைக்கும் ஊசியை வீட்டு வாசலிலேயே போட முடியும். பிரிட்டனில் 999, அங்கே பயிற்சி பெற்ற பாராமெடிக் வருவார், இடையிலுள்ள மருத்துவமனைகளைக் கடந்து நேரே மாரடைப்பு மையத்துக்குக் கொண்டுபோவார். அமெரிக்காவிலும் கனடாவிலும் 911, ஆஸ்திரேலியாவில் 000, சிங்கப்பூரில் 995. 112 என்ற எண் ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் வேலை செய்யும்.

மொழி தெரியாது என்ற பயம் வேண்டாம். அழைப்பை எடுப்பவர்களுக்கு மொழிபெயர்ப்பாளரை இணைக்கும் வசதி பல நாடுகளில் உண்டு. ஆனால் முகவரியைத் தெளிவாகச் சொல்ல முடியாமல் போவதுதான் நாங்கள் அடிக்கடி சந்திக்கும் சிக்கல். முகவரியைப் பெரிய எழுத்தில் எழுதித் தொலைபேசிக்கு அருகே ஒட்டிவையுங்கள். அழைப்பை எடுத்தவர் அம்மாவை ஆஸ்பிரினை மென்று விழுங்கச் சொன்னால் அப்படியே செய்யட்டும். ஒவ்வாமையோ ரத்தக்கசிவோ இருந்தால் அதையும் அப்போதே சொல்லிவிட வேண்டும்.


மூத்தமகள் (கேள்வி கேட்டவர்)

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. படித்ததும் தம்பிக்கு அனுப்பிவிட்டேன். மருத்துவரிடம் இன்னொரு சந்தேகம். கட்டியைக் கரைக்கும் ஊசியால் மூளையில் ரத்தக்கசிவு வரலாம் என்று படித்தேன். அம்மாவைப் பற்றி எதுவும் தெரியாத ஒரு மருத்துவர் அதைப் போடலாமா? ஊசி போடக் கூடாதவர்கள் யார்? காப்பீட்டைப் பற்றியும், அங்கே சிகிச்சை முடிந்த பிறகு விமானத்தில் திரும்புவதைப் பற்றியும் யாராவது சொன்னால் உதவியாக இருக்கும்.


அவசரப்பிரிவு மருத்துவர்

நல்ல கேள்வி. மூளையில் ரத்தக்கசிவு வரும் வாய்ப்பு 100 பேரில் ஏறத்தாழ ஒருவருக்கு உண்டு. வயது ஏற ஏற அது கூடும். அதனால்தான் 75 வயதைக் கடந்தவர்களுக்கு டெனெக்டிப்ளேஸ் என்ற கட்டி கரைக்கும் மருந்தைப் பாதி அளவில் கொடுக்கிறோம். எப்போதாவது மூளையில் ரத்தக்கசிவு வந்தவர்கள், கடந்த 6 மாதத்தில் ரத்தக்குழாய் அடைப்பால் பக்கவாதம் வந்தவர்கள், கடந்த ஒரு மாதத்தில் பெரிய அறுவை சிகிச்சையோ தலையில் பலத்த அடியோ வயிற்றுக்குள் ரத்தக்கசிவோ ஏற்பட்டவர்கள் ஆகியோருக்குப் போட மாட்டோம். இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாயான மகாதமனியின் சுவர் கிழிந்திருந்தால் இந்த ஊசியே உயிரைப் பறித்துவிடும். அந்த வலி முதுகுப் பக்கம் கிழிப்பதைப் போலத் திடீரென்று உச்சத்தில் தொடங்கும்; இரண்டு கைகளிலும் ரத்த அழுத்தம் வேறுபடலாம். நீண்ட விமானப் பயணம் முடிந்து சில நாட்களில் நெஞ்சுவலியும் மூச்சுத் திணறலும் வந்தால், காலில் உருவான ரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போயிருக்குமோ என்றும் நாங்கள் யோசிப்போம். ஆகவே அம்மா எந்தத் தேதியில் விமானத்தில் வந்தார் என்பதைத் தம்பி மறக்காமல் சொல்ல வேண்டும்.

இந்தத் தகவல்கள் எல்லாம் ஒரே தாளில் இருந்தால், அம்மாவைத் தெரியாத மருத்துவரும் 2 நிமிடத்தில் முடிவெடுக்க முடியும். மருந்துகளின் வணிகப் பெயரை எழுதாதீர்கள். அந்தப் பெயர் எல்லை தாண்டினால் யாருக்கும் புரியாது. குளோபிடோக்ரெல், அடோர்வாஸ்டேடின், மெட்ஃபார்மின் என்று மூலப்பெயரையும் மில்லிகிராம் அளவையும் எழுதுங்கள். ஸ்டென்ட் பொருத்தியபோது கொடுத்த அட்டையின் நகலையும் இணையுங்கள்.

அளவுகளும் குழப்பும். சில நாடுகளில் ரத்தச் சர்க்கரையை மில்லிமோலில் சொல்வார்கள். அதை 18ஆல் பெருக்கினால் மில்லிகிராம் கணக்கு வரும். "சர்க்கரை 10" என்று கேட்டுப் பதறிப்போன குடும்பத்தைப் பார்த்திருக்கிறேன்; அது 180தான். ட்ரோபோனினும் அப்படியே. ஓர் ஆய்வகம் லிட்டருக்கு 14 நானோகிராம் என்று எழுதுவதை இன்னொன்று மில்லிலிட்டருக்கு 0.014 என்று எழுதும், இரண்டும் ஒன்றே. தவிர, ட்ரோபோனின் ஒரு முறை பார்த்துச் சொல்லிவிடும் சோதனை அல்ல. புதிய வகைச் சோதனையில் 1 அல்லது 2 மணி நேர இடைவெளியில் இரண்டாம் முறை எடுத்து, ஏறுகிறதா என்று பார்ப்போம். சிறுநீரகம் பழுதடைந்தவர்களுக்கு அது எப்போதுமே சற்று உயர்ந்திருக்கலாம். ஆய்வக வசதி இல்லாத கிளினிக் இந்த ஒரு விஷயத்தில்தான் உண்மையிலேயே பின்தங்கிவிடும்: எஸ்.டி. பகுதி எழாத மாரடைப்பை அங்கே உறுதியாக மறுக்க முடியாது.


பதில் 4: பயணத்துணை

முதியவர்களின் பயணக் காப்பீட்டை ஒழுங்குசெய்யும் வேலையில் பல ஆண்டுகள் இருந்தேன். விண்ணப்பத்தில் பழைய மாரடைப்பை மறைக்கவே மறைக்காதீர்கள். ஸ்டென்ட் இருப்பது முதல் ஆஞ்சியோகிராமிலேயே தெரிந்துவிடும். அதன் பிறகு கோரிக்கையைத் தள்ளுபடி செய்துவிடுவார்கள். ஏற்கெனவே உள்ள நோய்க்கும் பொருந்தும் என்று எழுத்தில் இருக்கும் பாலிசியையே வாங்குங்கள், கட்டணம் கூடுதலானாலும் சரி. மருத்துவமனையில் சேர்த்ததும் காப்பீட்டு நிறுவனத்தின் 24 மணி நேர எண்ணுக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்ற நிபந்தனை பெரும்பாலான பாலிசிகளில் இருக்கும்.

பணமில்லை என்று திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்ற அச்சத்தால் தாமதிக்கும் குடும்பங்களும் உண்டு. அமெரிக்காவில் 1986ஆம் ஆண்டுச் சட்டப்படி, பொது மருத்துவக் காப்பீட்டில் பங்கேற்கும் மருத்துவமனைகளின் அவசரப்பிரிவு, பணம் கட்ட முடியுமா என்று பார்க்காமல் நோயாளியைப் பரிசோதித்து நிலைப்படுத்தியாக வேண்டும். பில் பின்னர் வரும், அது பெரிதாகவும் இருக்கும். பிரிட்டனின் அரசு மருத்துவமனைகளில் அவசரப்பிரிவுச் சிகிச்சை வெளிநாட்டவருக்கும் இலவசம். உள்நோயாளியாகச் சேர்த்த பிறகுதான் கட்டணம் தொடங்குகிறது.

விமானத்தைப் பொறுத்தவரை, பறக்கும்போது அறைக்குள் இருக்கும் காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயரத்தில் இருப்பதற்குச் சமம். ரத்தத்தில் ஆக்சிஜன் சற்றுக் குறையும். 65 வயதுக்குட்பட்டு, முதல் மாரடைப்பாக இருந்து, குழாய் திறக்கப்பட்டு, இதயத்தின் வலுவும் நன்றாக இருந்தால் 3 நாளில் பறக்கலாம் என்பது பிரிட்டிஷ் இதயவியல் வல்லுநர்களின் பரிந்துரை. உங்கள் அம்மா அந்த வகையில் வர மாட்டார். அவருக்குக் குறைந்தது 10 நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதயம் பலவீனமாகியிருந்தால் இன்னும் கூடுதலாகும். விமான நிறுவனத்தின் மருத்துவப் படிவத்தைச் சிகிச்சை அளித்த மருத்துவரே நிரப்ப வேண்டும். ஆஞ்சியோகிராம் படங்களைக் குறுந்தகட்டில் கேட்டு வாங்காமல் அங்கிருந்து புறப்படாதீர்கள்.


மூத்தமகள்

தம்பி நேற்று அந்தக் கிளினிக்குக்கு நேரில் போய் விசாரித்தான். இ.சி.ஜி. கருவி இருக்கிறது, காலை 8 முதல் மாலை 6 வரைதான் திறந்திருக்கும், கட்டி கரைக்கும் ஊசி அங்கே இல்லை, ஆனால் அவ்வூர் ஆம்புலன்ஸில் இருக்கிறது என்றார்களாம். இதைக் கேட்காமல் இருந்திருந்தால் இரவு நேரத்தில் பூட்டிய கதவின் முன்னால்தான் நின்றிருப்பான். இனி எந்த நேரமானாலும் முதலில் ஆம்புலன்ஸ் என்று முடிவு செய்துவிட்டோம். தாளையும் தயாரித்து அம்மாவின் கைப்பையில் வைத்துவிட்டேன். தாடை வலி, வியர்வை, அசதி ஆகிய மூன்று சொற்களையும் அந்நாட்டு மொழியில் அம்மா சொல்லிப் பழகிக்கொண்டிருக்கிறார்.


அவசரப்பிரிவு மருத்துவர்

மிக்க மகிழ்ச்சி. தாளோடு ஒன்றை மட்டும் சேர்த்துவிடுங்கள்: புறப்படுவதற்கு முந்தைய வாரம் அம்மா நலமாக இருக்கும்போது எடுத்த ஓர் இ.சி.ஜி. பழைய மாரடைப்பின் தழும்பு இ.சி.ஜி.யில் நிரந்தரமாகத் தங்கியிருக்கலாம். சிலருக்கு எஸ்.டி. பகுதி சற்று எழுந்தபடியே பல ஆண்டுகள் இருக்கும். ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய இ.சி.ஜி. இல்லாவிட்டால், கண்ணெதிரே தெரிவது இன்று வந்த அடைப்பா, 3 ஆண்டுகளுக்கு முந்தைய தழும்பா என்று அறியாமல் நள்ளிரவில் நாங்கள் தடுமாறுவோம். அசல் தாளைப் பையில் வையுங்கள். கட்டங்கள் தெளிவாகத் தெரியும்படி படமெடுத்து அம்மாவின் தொலைபேசியிலும் தம்பியின் தொலைபேசியிலும் வைத்துவிடுங்கள்.